இரண்டு கணினிக்கும் நடுவே சாதாரண லேன் கேபிளே போதும்

சிங்கப்பூர் செங்காங்கில் நாலறை வீடு. கூடத்தில் விண்டோஸ் 10 ஓடும் பழைய டெஸ்க்டாப், அதில் கல்யாண வீடியோவும் பிள்ளைகளின் படங்களுமாக 600 ஜிபி. கையில் விண்டோஸ் 11 உள்ள புது லேப்டாப். வைஃபையில் நகலெடுத்தால் இருபது மணி நேரம் ஆகும் என்று காட்டுகிறது. இரண்டு முனையிலும் ஒரே மாதிரித் தலை உள்ள யூஎஸ்பி கேபிள் இணையக் கடையில் நாலு வெள்ளிக்குக் கிடைக்கிறதே, அதை வாங்கலாமா, இல்லை மாமா சொல்வதுபோல் 'கிராஸ் கேபிள்' தேடிப் போகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டும் வேண்டாம். சாதாரண லேன் கேபிள் ஒன்று போதும். அதுவும் ரவுட்டர் வந்த பெட்டிக்குள் பிரிக்காமலே கிடக்க வாய்ப்பு அதிகம், முதலில் அங்கே பாருங்கள். இந்த வேலையில் காசு அதிகம் போகாது. நேரம்தான் போகும், அதுவும் கேபிளில் அல்ல, விண்டோஸ் செட்டிங்கில். கேபிளைச் செருகியதும் எதுவும் தெரியவில்லை என்றால் 'கேபிள் சரியில்லை' என்று நினைத்து இன்னொன்று வாங்குபவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் கேபிள் நன்றாகவே இருக்கும்.

முதலில் அந்த யூஎஸ்பி கேபிளை ஒதுக்கிவிடுவோம். யூஎஸ்பி முறையில் ஒரு பக்கம் கட்டளையிடும் கணினி, மறுபக்கம் கேட்டு நடக்கும் கருவி: பிரிண்டர், மவுஸ், தம்ப் டிரைவ் எதுவானாலும் அப்படித்தான். இரண்டு கணினிகளை நேரடியாகப் பிணைத்தால் இரண்டுமே கட்டளையிடும் பக்கம், கேட்க ஆளில்லை. அது மட்டுமா, இரண்டு பக்கமும் 5 வோல்ட் மின்சாரத்தை ஒரே கம்பியில் தள்ளும். நல்ல மதர்போர்டாக இருந்தால் பாதுகாப்புச் சுற்று துண்டித்துவிடும். இல்லாவிட்டால் போர்ட் போகலாம். நாலு வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் லேப்டாப்பைப் பணயம் வைப்பானேன்? நடுவில் சின்னப் பெட்டி போல ஒரு சிப் வைத்து, 'பிரிட்ஜ்' அல்லது 'டிரான்ஸ்ஃபர் கேபிள்' என்று விற்பது வேறு. அது வேலை செய்யும், ஆனால் விலை கூட, கூடவே அதற்கென்று ஒரு மென்பொருளும் வேண்டும். இரண்டு கணினியிலும் தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4 போர்ட் இருந்தால் சி-டு-சி கேபிளிலேயே வேகமான நெட்வொர்க் அமைந்துவிடும். உங்கள் பழைய டெஸ்க்டாப்பில் அது இருக்காது, விட்டுவிடுவோம்.

மாமா சொன்னது அவர் காலத்துக்குச் சரி. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகள். பழைய 10, 100 மெகாபிட் முறையில் இரண்டு ஜோடிகள்தான் வேலை செய்தன. கணினி 1, 2ஆம் கம்பிகளில் அனுப்பும். 3, 6ஆம் கம்பிகளில் வாங்கும். பல கணினிகளை இணைக்கும் பெட்டியான ஹப்பிலோ சுவிட்சிலோ இது உள்ளேயே மாற்றிக் கட்டப்பட்டிருப்பதால் நேர்க் கேபிள் போதுமாயிருந்தது. ஆனால் இரண்டு கணினிகளை நேரே இணைத்தால், இருவர் ஒருவர் வாயோடு மற்றவர் வாயை வைத்துப் பேசிய கதைதான், காதுக்கு எதுவும் வராது. அதனால் ஒரு முனையில் பச்சை ஜோடியையும் ஆரஞ்சு ஜோடியையும் இடம் மாற்றிக் கட்டினார்கள். அதுதான் கிராஸ் கேபிள்.

1990களின் கடைசியில் ஹியூலெட்-பேக்கார்ட் பொறியாளர்கள் இதற்கு ஒரு முடிவு கட்டினார்கள். எந்த ஜோடியில் அனுப்புவது, எதில் வாங்குவது என்பதை போர்ட்டே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும் 'ஆட்டோ எம்டிஐ-எக்ஸ்' வசதி அவர்கள் கொண்டுவந்தது. 1999இல் செப்புக் கம்பிக்கான ஜிகாபிட் தரம் வந்தது. அதில் நான்கு ஜோடிகளும் இரண்டு திசையிலும் ஒரே நேரத்தில் பேசுகின்றன, ஜிகாபிட் போர்ட்டுகளில் இந்தத் தானியங்கி வசதி வழக்கமாகவே உண்டு. இரண்டு கணினியில் ஒன்றில் இருந்தாலே போதும். ஆகவே கிராஸ் கேபிள் தேடி சிம் லிம் ஸ்குவேரில் மாடி மாடியாக ஏறவேண்டாம். இப்போது கேட்டால் சில கடைகளில் விழித்துப் பார்ப்பார்கள்.

அதற்கும் முந்தைய காலம் இன்னும் வேடிக்கை. 1983இல் வந்த லேப்லிங்க் என்ற மென்பொருளும் அதற்கான கேபிளும்தான் அன்றைக்கு 'மலிவான நெட்வொர்க்'. சீரியல் போர்ட் வழியே நொடிக்கு 115,200 பிட் என்பதே உச்ச வேகம், அதாவது சுமார் 11 கிலோபைட். இன்றைய கைத்தொலைபேசிப் படம் ஒன்று, நாலு எம்பி என்று வைத்தால், கடந்து போக ஆறு நிமிடம் ஆகும். உங்கள் 600 ஜிபிக்கு ஒன்றரை வருடத்துக்கும் மேல்!

சரி, கேபிள். 'கேட் 5இ' என்ற தரம் போதும். 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாங்கும். 'கேட் 6' கிடைத்தால் அதையே வாங்கலாம், விலை வித்தியாசம் பெரிதில்லை. கேட் 7, கேட் 8 என்று தங்கமுலாம் பூசிய தலையோடு விற்பதை வாங்கினால் உங்கள் வேகம் ஒரு பைட்கூடக் கூடாது. இரண்டு மூன்று மீட்டர் நீளத்துக்கு ஐந்து வெள்ளியை ஒட்டித்தான் வரும். தேக்கா பக்கம் போகிற வேலை இருந்தால் முஸ்தஃபாவிலும் கிடைக்கும். நீளமாக வாங்குவதாக இருந்தால் ஒன்று கவனியுங்கள்: அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசிய மலிவுக் கேபிள்கள் இருக்கின்றன. வளைத்தால் ஒடியும், நீளம் கூடக்கூட சிக்னல் தளரும். முழுச் செம்பு என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

புது லேப்டாப் மெல்லிசானது என்றால் லேன் போர்ட்டே இருக்காது. யூஎஸ்பியில் செருகும் ஈத்தர்நெட் அடாப்டர் ஒன்று வேண்டும், சுமார் இருபது வெள்ளி. இந்த வேலையில் உண்மையான செலவு இதுதான். 'யூஎஸ்பி 3.0, ஜிகாபிட்' என்று இரண்டும் போட்டிருக்கணும். பெட்டியில் 10/100 என்று மட்டும் இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பத்து மடங்கு வேகம் குறையும்.

இங்கே ஒரு குறுக்கு வழி. டெஸ்க்டாப், லேப்டாப், ரவுட்டர் மூன்றும் ஒரே கூடத்தில் இருந்தால், நேரடி இணைப்பே வேண்டாம். ரவுட்டரின் பின்புறம் உள்ள லேன் துளைகள் ஒரு சுவிட்ச்தான். இரண்டு கணினியையும் இரண்டு கேபிளில் அதில் செருகுங்கள். முகவரியை ரவுட்டரே கொடுத்துவிடும், கீழே நான் சொல்லப்போகும் வேலையில் பாதி மிச்சம். வேகம் நேரடிக் கேபிளுக்குச் சமம். டெஸ்க்டாப்பை மட்டும் ரவுட்டரில் செருகி லேப்டாப்பை வைஃபையில் விட்டால்கூட இப்போதைவிட நன்றாக இருக்கும். ஏனென்றால் இரண்டும் ஒரே வைஃபை அலைவரிசையில் இருக்கும்போது ஒவ்வொரு பைட்டும் காற்றில் இருமுறை போகிறது: டெஸ்க்டாப்பிலிருந்து ரவுட்டருக்கு, பிறகு ரவுட்டரிலிருந்து லேப்டாப்புக்கு. ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும் என்பதால் வேகம் பாதியாகிவிடும். அதோடு புளோக் முழுக்க அண்டை வீட்டு வைஃபை வேறு போட்டிக்கு நிற்கிறது. 1997ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு கட்டிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் பொம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சின்போது ஒதுங்கும் அறை இருக்கும். அந்தத் தடித்த கான்கிரீட் சுவர் ரவுட்டருக்கும் கணினிக்கும் நடுவே வந்தால் வைஃபைக்கு மூச்சு முட்டும்.

கணினிகள் வேறு வேறு அறையில் இருந்தால் கதவுக்கு அடியில் கேபிளை இழுப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். முன்பதிவு வாங்கி வீவக கட்டித்தரும் புதிய பிடிஓ வீடுகளில் கூடத்திலும் படுக்கையறைகளிலும் லேன் கேபிள் செருகும் டேட்டா பாயிண்ட் வைத்தே தருகிறார்கள். சுவருக்குள் ஓடும் அந்தக் கேபிள்கள் எல்லாம் ஒரே பெட்டியில் வந்து முடியும். அந்தப் பெட்டியில் இரண்டு அறைக்கான துளைகளைக் கண்டுபிடித்து ஒரு குட்டிக் கேபிளால் இணைத்துவிட்டால், இரண்டு அறைக் கணினிகளும் நேரே பிணைந்தது மாதிரிதான். தலைகள் துளையில்லாமல் தொங்கினால் இரண்டு தலைகளை இணைக்கும், சில வெள்ளிக்கு விற்கும் 'கப்ளர்' போதும்.

இனி செட்டிங். இங்கே நிதானமாக வாருங்கள்.

நேரடியாகச் செருகியதும் இரண்டு போர்ட்டிலும் விளக்கு எரியணும். எரியாவிட்டால் மட்டுமே கேபிளைச் சந்தேகியுங்கள். விளக்கு எரிந்த பிறகு விண்டோஸ் 'அன்ஐடென்டிஃபைட் நெட்வொர்க், நோ இன்டர்நெட்' என்று சொல்லும். பயப்பட ஒன்றுமில்லை, அந்தக் கேபிளின் மறுமுனையில் இணையம் இல்லைதானே, உண்மையைத்தான் சொல்கிறது. முகவரி கொடுக்க ரவுட்டர் இல்லாததால், கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு ஒவ்வொரு கணினியும் 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைத் தானே எடுத்துக்கொள்ளும். அதிலேயே வேலை நடக்கும். ஆனால் அது மாறக்கூடியது, எந்த எண் என்று ஒவ்வொரு முறையும் தேடவேண்டும். நானாக இருந்தால் கையால் முகவரி கொடுத்துவிடுவேன்.

பழைய கண்ட்ரோல் பேனல் வழியே ஈத்தர்நெட் அடாப்டரின் புரோப்பர்ட்டீஸுக்குள் போய், ஐபி பதிப்பு 4 என்ற வரியைத் திறந்து, டெஸ்க்டாப்புக்கு 10.10.10.1, லேப்டாப்புக்கு 10.10.10.2 என்று போடுங்கள். இரண்டிலும் சப்நெட் மாஸ்க் 255.255.255.0. கேட்வே, டிஎன்எஸ் கட்டங்களைக் காலியாக விடுங்கள். அங்கே எதையாவது நிரப்பினால் விண்டோஸ் இணையத்துக்கும் இந்தக் கேபிளையே வழியாக நினைத்து, வைஃபை இருந்தும் உலாவி திறக்காமல் நிற்கும். முகவரியும் வீட்டு வைஃபையின் வரிசையில் இருக்கக் கூடாது. பெரும்பாலான ரவுட்டர்கள் 192.168.0 அல்லது 192.168.1, ஏசுஸ் ரவுட்டர்கள் சில 192.168.50 என்று தொடங்கும். அதே வரிசையை இங்கேயும் கொடுத்தால் எந்த வழியில் போவது என்று கணினி தடுமாறும், நீங்கள் கேபிள் என்று நம்பிக்கொண்டிருக்க, கோப்புகள் பழையபடி வைஃபையிலேயே போய்க்கொண்டிருக்கும்.

அடுத்தது ஃபயர்வால், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல். அடையாளம் தெரியாத நெட்வொர்க்கை விண்டோஸ் 'பப்ளிக்' என்று வைத்துக்கொள்ளும், அதாவது சாங்கி விமான நிலைய வைஃபையை நடத்துவதுபோல் உங்கள் சொந்தக் கேபிளையும் நடத்தும். செட்டிங்ஸில் ஈத்தர்நெட் பக்கத்தில் அதை 'பிரைவேட்' ஆக்குங்கள், இரண்டு கணினியிலும். பிறகு டெஸ்க்டாப்பில் 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபயர்வாலை முழுசாக அணைத்துவிடு என்று சொல்பவர்கள் உண்டு. அணைத்தால் வேலை முடியும், ஆனால் மறுபடி போட மறந்துவிடுவோம். தேவையில்லை. கணினியை ரீஸ்டார்ட் செய்தால் இது மறுபடி பப்ளிக்காகலாம், அப்போது இன்னொரு முறை மாற்றவேண்டும். காசு கொடுத்து வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் அதன் சொந்த ஃபயர்வாலையும் ஒரு பார்வை பாருங்கள்.

சோதிக்க, லேப்டாப்பின் கமாண்ட் விண்டோவில் 10.10.10.1ஐ 'பிங்' செய்யலாம், அதாவது 'இருக்கிறாயா' என்று கேட்டுப் பார்க்கலாம். பதில் வந்தால் நல்லது. வராவிட்டால் இணைப்பு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பப்ளிக் நிலையில் விண்டோஸ் பிங்குக்குப் பதில் சொல்லாமலே இருக்கும்.

இனிதான் பெரும்பாலோர் தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடம்: கடவுச்சொல். லேப்டாப் 'யூசர் நேம், பாஸ்வேர்ட்' கேட்கும். தினமும் கணினியைத் திறக்கப் போடும் பின் எண்ணைப் போட்டால் ஏற்காது. அந்த எண் அந்தக் கணினிக்குள் மட்டும் செல்லும், நெட்வொர்க்கில் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் முழுக் கடவுச்சொல் கேட்கும், அது பலருக்கு நினைவிலேயே இருக்காது. கடவுச்சொல் இல்லாத கணக்கையும் விண்டோஸ் நெட்வொர்க்கில் அனுமதிக்காது. சுற்றிவளைக்காமல், டெஸ்க்டாப்பில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத ஒரு புதிய உள்ளூர்ப் பயனரை உருவாக்குங்கள். எளிய ஆங்கிலப் பெயர், ஒரு கடவுச்சொல். பிறகு படங்கள் உள்ள ஃபோல்டரில் வலது கிளிக், புரோப்பர்ட்டீஸ், ஷேரிங், அங்கே 'ஷேர்' பொத்தான். பக்கத்தில் இருக்கும் 'அட்வான்ஸ்ட் ஷேரிங்' வேண்டாம். அது பகிர்வை மட்டும் திறக்கும், ஃபோல்டரின் சொந்த அனுமதியைத் தொடாது, கடைசியில் 'ஆக்சஸ் டினைட்' என்று வந்து நிற்கும். 'ஷேர்' பொத்தான் இரண்டையும் சேர்த்துச் சரிசெய்யும். புதிய பயனருக்கு 'ரீட்' மட்டும் கொடுங்கள். பழையதிலிருந்து புதியதுக்கு இழுக்கத்தானே போகிறோம். எழுதும் உரிமை இல்லையென்றால் தவறுதலாக 'கட்' செய்தோ அழித்தோ கல்யாண வீடியோவைத் தொலைக்க வழியில்லை.

லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்புளோரர் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு, ஒட்டினாற்போல் 10.10.10.1 என்று அடித்து என்டர் தட்டுங்கள். 'நெட்வொர்க்' படத்தைத் திறந்து டெஸ்க்டாப் பெயர் தோன்றும் என்று காத்திருக்காதீர்கள், அது வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பெயர் கேட்கும் கட்டத்தில் பயனர் பெயருக்கு முன்னால் 10.10.10.1 என்றும் ஒரு பின்சாய்கோடும் சேர்த்து எழுதினால், லேப்டாப் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கோடு குழப்பிக்கொள்ளாது.

கூகளில் தேடினால் 'எஸ்எம்பி 1ஐத் திறந்துவிடு' என்று பழைய குறிப்புகள் வரும். அது விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறை. விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் கணினிக்கு வேண்டுமானால் அது தேவைப்படலாம். 10க்கும் 11க்கும் நடுவே தேவையே இல்லை. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டு உலகத்தையே ஆட்டிய வான்னாகிரை அந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. 'ஹோம்குரூப்' என்று சொல்லும் குறிப்புகளையும் தாண்டிப் போங்கள், 2018லேயே விண்டோஸ் 10இலிருந்து அதை எடுத்துவிட்டார்கள்.

நகலெடுக்கும் பெட்டியில் தெரியும் வேக எண்தான் உங்கள் வைத்தியர். நொடிக்கு 110 எம்பியை ஒட்டி வந்தால் ஜிகாபிட் முழுசாக ஓடுகிறது, 600 ஜிபி ஒன்றரை மணி நேரத்தில் முடியும். பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் 70, 80 வரலாம், அது டிஸ்க்கின் வேகம், கேபிளைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆயிரக்கணக்கான சின்னப் படங்கள் வரும்போது இன்னும் இறங்கும், ஒவ்வொரு கோப்பையும் திறந்து மூடும் நேரம்தான் அங்கே போகிறது. ஆனால் பெரிய வீடியோ ஓடும்போதும் எண் அசையாமல் 11இலேயே நின்றால் விஷயம் வேறு: இணைப்பு 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது. எட்டுக் கம்பியில் ஒன்று தொடவில்லை, அல்லது அடாப்டர் பழையது. இப்போதுதான் வேறு கேபிள் மாற்றிப் பார்க்கவேண்டும். அப்படியே விட்டால் பதினாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தொடங்குவதற்கு முன் இரண்டு கணினியிலும் தூங்கும் நேரத்தை 'நெவர்' என்று வைத்து, லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். பெரிய குவியலை இழுத்துப் போடுவதைவிட விண்டோஸிலேயே இருக்கும் ரோபோகாப்பி நல்லது. நடுவில் அறுந்தாலும் மறுபடி ஓடவிட்டால் ஏற்கெனவே வந்ததை விட்டுவிட்டு மீதியை மட்டும் எடுக்கும். அந்தக் கறுப்பு விண்டோ பிடிக்காவிட்டால் வருடத்துக்கு ஒரு ஃபோல்டராகப் பிரித்து இழுங்கள்.

லேப்டாப்புக்குப் பதில் மேக் என்றாலும் இதே கேபிள், இதே முகவரி முறைதான். ஃபைண்டரில் 'கனெக்ட் டு சர்வர்' வழியே போகவேண்டும். டெஸ்க்டாப் திறக்கவே மறுக்கும் நாள் வந்தால் கேபிள் எதுவும் உதவாது, டிஸ்க்கைக் கழற்றி, டிஸ்க்கின் சாட்டா இணைப்பிலிருந்து யூஎஸ்பிக்கு மாற்றும் அடாப்டரில் போட்டு லேப்டாப்பில் செருகுவதுதான் வழி. ஒரே ஒரு முறை நகலெடுப்பது மட்டுமே நோக்கம், கழற்றவும் பயமில்லை என்றால், அதை இன்றைக்கே செய்யலாம், நெட்வொர்க் செட்டிங் தலைவலியே இல்லை. எக்ஸ்டர்னல் டிரைவ் கையில் இருந்தால் அதுவும் சரி, ஆனால் எல்லாவற்றையும் இரண்டு முறை நகலெடுக்கவேண்டும்.

இடி மின்னல் நேரத்தில் கேபிளால் ஆபத்தா என்றும் கடைசி வரியில் கேட்டிருந்தீர்கள். ஒவ்வொரு லேன் போர்ட்டுக்குள்ளும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. சிக்னல் காந்தப்புலமாகத் தாண்டும், இரண்டு கணினிக்கும் நடுவே நேரடி மின் தொடர்பு கிடையாது. யூஎஸ்பி கேபிளில் இந்தப் பிரிப்பு இல்லை. வீட்டுக்குள் சில மீட்டர் ஓடும் கேபிளுக்கு இது தாராளம். சன்னலுக்கு வெளியே விட்டு மேல்மாடி வீட்டுக்கு இழுப்பது மட்டும் கூடாது.

எல்லாம் வந்து சேர்ந்த பிறகு பழைய டிஸ்க்கை உடனே அழிக்காமல், லேப்டாப்பில் பத்துப் பதினைந்து படங்களும் அந்தக் கல்யாண வீடியோவும் திறந்து ஓடுகின்றனவா பாருங்கள். பிறகு டெஸ்க்டாப்பில் உருவாக்கிய பயனரை நீக்குங்கள், ஃபோல்டர் பகிர்வை நிறுத்துங்கள், இரண்டு கணினியிலும் ஐபி முகவரியை மறுபடி 'ஆட்டோமேட்டிக்' ஆக்குங்கள். இந்தக் கடைசி வேலையை விட்டுவிட்டால், இன்னொரு நாள் அதே லேப்டாப்பை ரவுட்டரில் செருகும்போது இணையம் வராது.